முல்லாரூவின் அட்டைக் காவலர்

இந்த வருஷத்தைச் சமூகப் பாதுகாப்பு ஆண்டாக மாவட்டக் காவல் அலுவலகம் அறிவித்தபோது எங்கள் முல்லாரூவில் யாரும் பதறவில்லை. இங்கே கடைசியாகப் பதிவான குற்றம், கோதுமைக் கிடங்கின் சுவரில் ஒருவர் தன் காதலியின் பெயரைப் பெரிதாக எழுதியது. கல்யாணம் முடிந்த மறுவாரம் அவரே வந்து வெள்ளையடித்துவிட்டார்.

ஊருக்கு ஒரே போலீஸ், சார்ஜென்ட் க்ளைவ் பாஸ்கோ. காலை எட்டரைக்கும் மாலை மூன்றேகாலுக்கும் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நெடுஞ்சாலையில் நின்று கையை நீட்டுவார். லாரிகள் நிற்கும். எங்கள் பிள்ளைகள் கடந்து போவார்கள். பாதுகாப்பு என்று நாங்கள் கேட்டதும் அவ்வளவுதான், கிடைத்ததும் அவ்வளவுதான்.

ஆண்டு பிறந்ததும் மேலிடத்திலிருந்து பதினாறு பக்கப் படிவம் வந்தது. சமூகப் பாதுகாப்புக்காக அன்றன்று ஆற்றிய பணிகளை அன்றன்று காலை எட்டரைக்கு உட்கார்ந்து நிரப்பி அனுப்ப வேண்டும். மாலைப் படிவம் மூன்றேகாலுக்கு.

"எட்டரைக்கு நான் ரோட்டுல நிக்கணுமே," என்று க்ளைவ் போன் செய்து கேட்டார்.

மாவட்டச் சமூகப் பாதுகாப்பு மேம்பாட்டு ஒருங்கிணைப்பு அலுவலர் ஃபியோனா நிதானமாகச் சொன்னார்: "நீங்க நின்னா படிவத்தை யார் எழுதறது? படிவம் வரலைன்னா நீங்க நின்னீங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

க்ளைவ் போனை வைத்துவிட்டுப் படிவத்தை எடுத்தார். ஆனாலும் சாலையை மேலிடம் கைவிடவில்லை. பிப்ரவரியில் ஒரு நீளமான பார்சல் வந்தது. உள்ளே ஆறடி உயரத்தில், முழுச் சீருடையில், அட்டையில் அச்சடித்த ஒரு காவலர். முதுகில் 4417 என்று எண். ஊர் அவருக்குக் கீத் என்று பெயர் வைத்து, க்ளைவ் நின்ற இடத்தில் நிறுத்தியது.

உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரம் கீத் பிரமாதமாக வேலை பார்த்தார். எங்கள் பக்கத்தில் எதிரில் யார் வந்தாலும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவது வழக்கம். பதிலுக்கு அவரும் விரலைத் தூக்க வேண்டும். தூக்காவிட்டால் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, இல்லை நம்மேல் கோபம் என்று அர்த்தம். லாரிக்காரர்கள் கீத்துக்கு விரலைத் தூக்கினார்கள். கீத் தூக்கவில்லை. என்ன கோபமோ என்று ஒவ்வொருவரும் பிரேக் போட்டு, கண்ணாடியை இறக்கி, முகத்தைப் பார்த்தார்கள். அந்த இடைவெளியில் பிள்ளைகள் கடந்தார்கள்.

மூன்றாம் வாரம் லாரிக்காரர் ராஸ் நேராக ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார்.

"ஏம்ப்பா க்ளைவ், உன் புது ஆளுக்கு அவ்வளவு திமிரா? முப்பது வருஷமா ஓட்டறேன், என்னைப் பார்த்து விரலைத் தூக்காதவன் இந்த ஊர்லயே கிடையாது!"

"யோவ், அது அட்டைய்யா."

"அட்டையா இருந்தா மரியாதை வேண்டாமா?"

புகார் வாய்மொழியாக வந்தாலும் முறைப்படி பதிவாகி மேலே போனது. மேலிடம் தீவிரமாகப் பரிசீலித்து, கீத்துக்குக் கம்பிச்சுருள் வைத்த புதுக் கை ஒன்றை அனுப்பியது. காற்றடித்தால் கை ஆடும். எங்கள் ஊரில் காற்று நிற்பதே இல்லை. கீத் நாள் முழுக்க எல்லோருக்கும் கையசைத்தார். லாரிக்காரர்களுக்கு மனம் குளிர்ந்தது. சந்தோஷமாக விரலைத் தூக்கிவிட்டு, வேகத்தைக் குறைக்காமல் பறந்தார்கள். 'பொதுமக்களுடன் நட்புறவுப் பரிமாற்றம்: இந்த மாதம் ஆறாயிரத்து நூற்றிரண்டு' என்று க்ளைவ் படிவத்தில் எழுதினார். மாவட்டத்திலேயே நாங்கள்தான் முதலிடம்.

ப்ரோன் என் பக்கத்து வீடு. மூன்று பிள்ளைக்காரி, வாய் சும்மா இருக்காது. லாரி கிளப்பின காற்றில் கடைக்குட்டியின் தொப்பி பறந்த அன்று ஸ்டேஷனுக்குள் புகுந்தாள்.

"க்ளைவ், தொப்பி போச்சு. நாளைக்குப் புள்ள போனா எந்தப் பக்கத்துல எழுதுவீங்க?"

"பதினொண்ணாம் பக்கம்," என்றார் க்ளைவ் பரிதாபமாக. அவருக்கே அழுகை வரும்போல இருந்தது.

செப்டம்பரில் மேக்பை பறவைகள் கூடு கட்டின. அந்தச் சமயத்தில் கூட்டுக்குக் கீழே வருகிற தலையெல்லாம் அவற்றுக்கு எதிரித் தலை. மற்றவர்கள் குடை பிடித்துக்கொண்டு ஓடிவிடுவோம். கீத் ஓடவில்லை. கையை வேறு ஆட்டிக்கொண்டிருந்தார். மேக்பை அவருடைய இடது கண்ணையும் மூக்கில் பாதியையும் கொத்தி எடுத்துவிட்டது.

பணியிலிருந்த காவலர் மீது தாக்குதல்! முல்லாரூ வரலாற்றிலேயே முதல் தாக்குதல் வழக்கு. க்ளைவ் சட்டப்படி எழுதினார்: 'தாக்கியவர் உயரம் ஒன்றரை அடி. கறுப்பு வெள்ளை உடை. விசாரணைக்கு ஒத்துழைக்காமல் பறந்துவிட்டார்.' அது பாதுகாக்கப்பட்ட பறவை என்பதால், மரத்தடியில் நின்று எச்சரிக்கை வாசிக்கப்பட்டது. கீத்துக்கு ஆறு வாரம் மருத்துவ விடுப்பு.

"இப்பவாவது நீங்க வந்து நில்லுங்களேன்," என்றாள் ப்ரோன்.

"எப்படிம்மா? அந்த இடம் காலி இல்ல. ஆள் லீவுலதானே இருக்காரு?"

அக்டோபர் கடைசியில், அறுவடைக்கு முன்னாலேயே, ஆண்டு நிறைவு விழா. கால்பந்து மைதானத்தில் அடுப்பு மூட்டி, ரொட்டியில் சாசேஜும் வெங்காயமும் வைத்துக் கொடுத்தார்கள். ஒரு படிவத்துக்கு ஒரு சாசேஜ். படிவத்தில் மூன்றே கேள்விகள். உங்கள் காவலரை அடிக்கடி வெளியே பார்க்கிறீர்களா? கையசைக்கிறாரா? கடமையில் காயம் பட்டிருக்கிறாரா? ஒவ்வொன்றுக்கும் இரண்டு கட்டம்: பாஸ்கோ, 4417.

பொய் சொல்ல முடியுமா? வெங்காயம் வேறு கமகமத்தது. எல்லோரும் 4417 என்ற கட்டத்தில் குறியிட்டோம். நான் இரண்டு படிவம் நிரப்பினேன். ப்ரோனுக்கு நாலு, வீட்டில் ஆள் அதிகம்.

கீத்துக்கு வீரப் பதக்கம். மார்பில் குத்தினால் ஊசி முதுகில் வந்தது. நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம். பிறகு ஃபியோனா, மக்களின் தெளிவான தீர்ப்பை ஏற்று, பயன்பாடு குறைந்த அலுவலரான சார்ஜென்ட் பாஸ்கோ நூற்றிருபது கிலோமீட்டர் தள்ளி இடமாற்றம் செய்யப்படுகிறார் என்று வாசித்தார். வாயில் சாசேஜ் இருந்ததால் யாராலும் உடனே மறுப்புத் தெரிவிக்க முடியவில்லை.

க்ளைவ் போன மறுவாரமே அறுவடை. பத்து நிமிஷத்துக்கு ஒரு லாரி, மலை மாதிரி கோதுமை. முதல் நாள் காலை என் மகள் சாலையோரம் நின்று கேட்டாள்: "அம்மா, இப்ப போகலாமா?" கீத் பதக்கத்தோடு கையசைத்துக்கொண்டிருந்தார்; நான் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ப்ரோன் புருஷனின் மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு நடு ரோட்டில் இறங்கிவிட்டாள். இரண்டு கையையும் நீட்டினாள். ராஸின் லாரி முப்பதடி தள்ளிக் கிறீச்சிட்டு நின்றது.

"பைத்தியமா உனக்கு?" என்று தலையை நீட்டினார்.

"ஆமா! விரலைத் தூக்காதீங்க, காலை பிரேக்ல வைங்க!"

மறுநாளிலிருந்து நாங்கள் ஆறு அம்மாக்கள் முறை போட்டு நின்றோம். மழையிலும் நின்றோம், வெயிலிலும் நின்றோம். ஒரு பிள்ளையின் தொப்பிகூடப் பறக்கவில்லை.

விஷயம் மேலே எட்டியது. திட்டுவார்கள் என்று பயந்தோம். ஃபியோனாவோ கண்கலங்க வந்து எங்கள் ஆறு பேரையும் கட்டிக்கொண்டார். "இதுதான் நாங்க எதிர்பார்த்த சமூகப் பங்கேற்பு! நீங்க இனிமே நிரந்தரமா இங்க நிக்கணும்னு மேலிடத்துல முடிவு பண்ணியிருக்கோம். வெள்ளிக்கிழமை போட்டோகிராபர் வர்றார்."

அடுத்த இரண்டு நாள் முல்லாரூவின் ஒரே முடிதிருத்தும் கடையில் இடமில்லை. ப்ரோன்கூட, கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு முதல்முறையாக, உதட்டுச் சாயம் பூசிக்கொண்டாள்.

போட்டோகிராபர் தங்கமான மனுஷர். ஒவ்வொருத்தியையும் தனித்தனியாகத்தான் எடுத்தார். நேராக நிற்க வேண்டும், கையை நீட்ட வேண்டும், உச்சந்தலையிலிருந்து செருப்பு வரை முழுசாக விழ வேண்டும் என்றார். எடுத்து முடித்ததும், மறக்காமல், எங்கள் உயரத்தையும் அளந்து எழுதிக்கொண்டார்.