சட்டி போன வழியே

ஆம்பூர்ப் பக்கத்தில் பிரசங்கம் செய்து ஆள் சேர்த்தவர்கள் எத்தனையோ பேர். குழம்பைத் தூக்கி ஆள் சேர்த்தவர் பூலோகத்திலேயே எங்கள் சட்டிதூக்கி ஒருவர்தான்.

அவர் எங்கள் வேதக்கோயிலில் மணியடிப்பவர். நாங்களெல்லாம் தோல் ஷாப்புக் கூலிகள். ஆறு நாளும் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று தோலைப் புரட்டினால் ஏழாம் நாள் உடம்பு எழுந்திருக்காது. முதலாளி சாயபுவாதலால் ஷாப்புக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. எங்கள் ஞாயிறு ஆராதனையும் வெள்ளிக்கிழமையே நடந்தது. அன்றைக்கும் மணியடித்து எழுப்பினால் எவன் வருவான்? வேலூரிலிருந்து வந்த தலைமைப் பாதிரியான பெரிய ஐயர் காலிப் பாய்களைப் பார்த்துவிட்டு, "அடுத்த முறையும் இப்படி இருந்தால் கோயிலைப் பூட்டிவிடுவேன்" என்று சொல்லிப் போனார்.

மணிக்காரருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அடுத்த வெள்ளியன்று மணியை அடித்துவிட்டு நேரே எங்கள் தெருவுக்குள் புகுந்தார். என் வீட்டு அடுப்பில் கொதித்த தலைக்கறிச் சட்டியைத் துண்டால் பிடித்துத் தூக்கினார்.

"யோவ் நைனா, சட்டிய எங்க தூக்கினு போற?"

"கோயிலுக்கு. துன்னணும்னா வா. ஆமென் சொன்னப்புறம் எட்துக்க."

தெருவில் வீட்டுக்கு வீடு இதே கதைதான். பசி தூக்கத்தை ஜெயித்தது. சுவரோரம் அவர் வீட்டுச் சட்டியோடு எங்கள் சட்டிகளும் வரிசையாக உட்கார, நாங்கள் கொட்டாவியோடு எதிரே உட்கார்ந்தோம். வாசனை தாங்காமல் உபதேசியாரே பிரசங்கத்தைச் சுருக்கினார். ஒருமுறை அவசரத்தில் பக்கத்து வீட்டுக் காதர் பாயின் சட்டியும் வந்துவிட்டது. பாய் பின்னாலேயே வந்து மரியாதையாகக் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். "பாட்டு நல்லாக்குது, பேச்சுதான் ஜாஸ்தி. ஜும்மாவுக்கு நேரமாச்சு, வர்றேன்" என்று சட்டியை வாங்கிக்கொண்டு போனார்.

பெரிய ஐயர் மறுபடி வருகிற வெள்ளியன்று பார்த்து, சட்டிதூக்கி குளிர்சுரத்தில் விழுந்தார். மணி அடிக்கவில்லை. சட்டி கொதித்தது, தூக்க ஆளில்லை. அப்பாடா என்று புரண்டு படுத்தேன். தூக்கமா வருகிறது? கோயிலைப் பூட்டிவிட்டால் அந்த மனுஷன் உயிரோடிருக்க மாட்டார் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. திட்டிக்கொண்டே எழுந்து என் சட்டியை நானே தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

தெருவில் பார்த்தால் ஆளுக்கொரு சட்டி!

"இதென்ன, ஆராதனையா விருந்தா?" என்று கேட்ட பெரிய ஐயர், உட்கார இடமில்லாத கோயிலைப் பார்த்துவிட்டுப் பூட்டைப் பற்றிப் பேசவே இல்லை.

ஆமென் சொன்னதும் சட்டிகளோடு சட்டிதூக்கியின் வீட்டுக்குப் போனோம். கிழவர் கம்பளிக்குள்ளிருந்து தலையைத் தூக்கி எங்களை ஒரு நோட்டம் விட்டார்.

"ஒரு சட்டி கொறையுதே. யாருடா இன்னிக்குக் கோயிலுக்கு வரல?"

"நீதான் நைனா" என்றேன்.

இப்போது பட்டணத்தில் இருக்கிறேன். இங்கே ஞாயிறு ஞாயிற்றுக்கிழமையே வருகிறது. மணி அடிக்கிறது, என் சட்டியை யாரும் தொடுவதில்லை. இஷ்டம்போலத் தூங்கலாம். படுத்தபடியே, கையில் துண்டோடு அவர் வந்துவிடமாட்டாரா என்று கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.