கார்களை நிறுத்துகிறோம்

கைதட்டல் காதைப் பிளந்தபோது அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

கைதட்டுகிற மாதிரி மேயர் எதுவும் பேசவில்லையே! கீழே உட்கார்ந்திருந்தவர்களும் லேசில் கைதட்டுகிற ஆட்கள் இல்லை. பருவநிலைப் பேச்சுவார்த்தைக்காக உலகத்தின் நாலா மூலையிலிருந்தும் இந்த நகரத்துக்கு வந்து, இரண்டு நாளாக ஒரே ஒரு காற்புள்ளிக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர்கள். மூன்றாம் நாள் காலையில், மாநாட்டை நடத்தும் ஊரின் மேயர் நாலு வார்த்தை பேசட்டும் என்று மேடை கொடுத்திருந்தார்கள்.

மண்டபத்தின் பின்பக்கம், உயரத்தில் இருந்த கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, மேயர் பேசுவதை உடனுக்குடன் மாநாட்டு மொழியில் மைக்கில் சொல்வதுதான் அவள் வேலை. வீட்டில் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே 'வாயாடி' என்று பெயர். அந்த வாய்க்கும் சம்பளம் கொடுக்க ஆள் இருக்கிறதே என்று அவள் அம்மாவுக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. இவ்வளவு பெரிய மாநாட்டில் அவள் கூண்டேறியது இதுதான் முதல் தடவை. பேச்சின் நகலைக் கேட்டதற்கு, "வரவேற்புரைதானேம்மா, சும்மா அடிச்சு விடுங்க" என்று மாநகராட்சிக் கமிஷனர் சொல்லிவிட்டார். அவளும் அடித்து விட்டாள்.

மேயர் சொன்னது இதுதான்: "எங்கள் நகரம் இன்று முதல் பெரிய கடைத்தெருவில் கார்களை நிறுத்துகிறது."

இவள் சொன்னது: "எங்கள் நகரத்தின் பெரிய கடைத்தெருவில் இன்று முதல் கார் ஓடாது."

கைதட்டல் அதற்குத்தான். மேயர் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, நிறுத்தி நிதானமாக அடுத்ததைச் சொன்னார். "அது போதாதென்றால், பக்கத்து மூன்று தெருக்களிலும் நிறுத்துவோம்."

அடேயப்பா, என்ன துணிச்சல் என்று இவளுக்கே புல்லரித்தது. குரலை உயர்த்தி, "அது போதாதென்றால் பக்கத்து மூன்று தெருக்களிலும் கார் ஓடாது!" என்றாள். மண்டபமே எழுந்து நின்றது.

மேயர் தொடர்ந்தார். "இருநூறு கார்கள் வரிசையாக, வெயில் படாமல் நிற்கும்."

வாயாடியின் வாய் அப்படியே நின்றுபோனது. வெயில் படாமல் நிற்குமா? அப்படியானால் ஓடாமல் நிறுத்துவதில்லை. பார்க்கிங்! விருந்தினர்களின் கார்களை விடுவதற்கு இடம் ஒதுக்கியிருப்பதைத்தான் மேயர் சொல்லிக்கொண்டிருக்கிறார்!

நானூறு பேர் காதில் மாட்டிய ஹெட்போனைப் பிடித்தபடி அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தார்கள். கூண்டில் இருப்பவள் மௌனம் சாதிக்கக்கூடாது.

"இருநூறு…" என்றாள். "இருநூறு… மரங்கள் வரிசையாக நிற்கும். வெயிலே படாது!"

யாரோ விசில் அடித்தார்கள்.

முன்வரிசையில் கமிஷனர் பக்கத்து ஆளிடம் குனிந்து, "பார்க்கிங்குக்காய்யா இந்தக் கைதட்டு?" என்று கேட்பது, மேடை மைக் வழியாக அவள் காதில் விழுந்தது.

பேச்சுவார்த்தைக்குத் தலைமை வகித்த நெட்டையான பெண்மணி கண்களைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். "இரண்டு நாளாக நாங்கள் பேசுகிறோம். நீங்கள் செய்துவிட்டீர்கள். அந்தத் தெருவை இப்போதே பார்க்கலாமா?"

இதை மேயருக்குத் தமிழில் சொல்ல வேண்டியவளும் இவள்தான். அப்படியே சொன்னால் குட்டு உடைந்துவிடும். "உங்க கடைத்தெருவை என்னைக்காவது சாவகாசமா பார்க்கணும்னு ஆசைப்படறாங்கம்மா" என்று பூசி மெழுகிச் சொன்னாள்.

மேயர் கூண்டைப் பார்த்துச் சிரித்தார். "என்னைக்காவது எதுக்கு? இப்பவே போகலாம். நடந்தே போயிடலாம், பக்கம்தான்!"

வாயாடி படிக்கட்டில் தடதடவென்று இறங்கிக்கொண்டே அண்ணனுக்குப் போன் போட்டாள். அண்ணன் போக்குவரத்து இன்ஸ்பெக்டர்.

"அண்ணே, பெரிய கடைத்தெருவை உடனே மூடு."

"மூடுறதுக்கு அது என்னடி, தண்ணிக் குழாயா?"

"ஒரு கார் கூட ஓடக்கூடாதுண்ணே. உலகமே நடந்து வந்துக்கிட்டிருக்கு."

"யார் உத்தரவு?"

பொய் சொல்லக்கூடாதுதான். ஆனால் நூறு பேர் ஏற்கெனவே வாசலைத் தாண்டிவிட்டார்கள். "மேயர் உத்தரவு" என்றாள்.

அண்ணன் தெருவின் இரண்டு முனையிலும் தடுப்பை இழுத்துப் போட்டார். ஓடுகிற கார் நின்றது. ஆனால் நிற்கிற கார் இருக்கிறதே! காலையிலிருந்து மாநகராட்சியே வரவேற்று நிறுத்தி வைத்திருந்த கார்கள், தெருவின் இருபுறமும் பல் வரிசை மாதிரி பளபளத்தன.

"ஏண்டி, நிக்கிற வண்டியை என்ன பண்றது?" என்று அண்ணன் திரும்பக் கூப்பிட்டார்.

"இழுத்துட்டுப் போயிடு."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணுகூட இருக்கக்கூடாதுண்ணே. என் பொழைப்பே போயிடும்."

"உனக்குப் பொழைப்பு போகும். எனக்குத் தொப்பியே போயிடும்" என்று புலம்பினாலும், தங்கைக்கு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாதவர் அவர். இழுவை வண்டிகள் வந்தன. கொக்கியில் முதலில் மாட்டித் தொங்கியது கமிஷனரின் கார்.

அதைப் பார்த்ததும் கடைக்காரர்களுக்குக் கிலி பிடித்தது. அவர்கள் சங்கத் தலைவர் பெரிய துணிக்கடைக்காரர். குரல் கடை வாசலில் கிளம்பினால் தெருக்கோடியில் எதிரொலிக்கும். கார் வராத தெருவுக்குக் கூட்டம் வராது என்பது அவர் கட்சி. இந்தத் தெருவைக் காருக்கு மூடலாம் என்று நகரமன்றத்தில் பேச்சு வந்தபோதெல்லாம் அதை முளையிலேயே கிள்ளியவர் அவர்தான். "மூடுங்கடா கடையை!" என்று முழங்கினார். ஷட்டர்கள் சடசடவென்று இறங்கின.

வாயாடி மேயருக்குப் பக்கத்தில் ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தாள். இன்னும் இரண்டு திருப்பம்தான். கடைகள் மூடிய சேதியை அண்ணன் போனில் சொல்லியிருந்தார். ஆளில்லாத தெரு, மூடிய கடை, தொங்கும் கார். இதைக் காட்டவா நானூறு பேரைக் கூட்டி வருகிறோம்! போதாக்குறைக்கு நெட்டைப் பெண்மணி குனிந்து, "அந்த இருநூறு மரங்கள் எங்கே?" என்று கேட்டார்.

"கிட்டத்துலதான்" என்றாள். சொல்லிக்கொண்டே அண்ணனுக்கு மறுபடி போன் போட்டாள்.

கடவுள் அன்றைக்கு லாரியில் வந்தார். தடுப்பு போட்டதால் தெருமுனையில் சிக்கிய வண்டிகளுக்கு நடுவில், விளையாட்டு அரங்கத்தில் நடுவதற்காக ஆளுயரக் கன்றுகளை ஏற்றிக்கொண்டு வந்த பூங்காத் துறை லாரியும் ஒன்று. முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் அதன் டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார். மரம் எங்கே என்று தங்கை நாலாவது தடவையாகப் போனில் கெஞ்சியபோது, அண்ணன் அந்த லாரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை மரம்டி சொன்னே?"

"இருநூறு!"

"நூறு தேறும். பாக்கியை உன் வாயால நட்டுக்க."

போலீஸ்காரர்கள் கன்றுகளைத் தொட்டியோடு இறக்கி, கார்கள் நின்ற இடத்தில் வரிசையாக வைத்தார்கள்.

விருந்தினர்கள் திருப்பத்தைத் தாண்டினார்கள். தெரு அமைதியாக இருந்தது. இருபுறமும் இலைகள் அசைந்தன. மாடி ஜன்னல்களில், இத்தனை காலம் புகைக்குப் பயந்து சாத்தியே கிடந்த கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. என்ன சத்தத்தையே காணோம் என்று எட்டிப் பார்த்த ஜனங்கள் படியிறங்கி வந்தார்கள். குழந்தைகள் நடுத்தெருவில் சைக்கிளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு கிழவர் நாற்காலியைத் தூக்கி வந்து சாலையின் நட்ட நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவரைப் பார்த்து இன்னும் பத்து நாற்காலிகள் வந்தன.

வெயிலில் நடந்து வந்த களைப்பில் ஒரு பிரதிநிதி துணிக்கடை ஷட்டரைத் தட்டி, தொப்பி கிடைக்குமா என்று சைகையில் கேட்டார். துணிக்கடைக்காரர் முறைத்தார். பிறகு அந்தப் பிரதிநிதிக்குப் பின்னால் நின்ற நானூறு வெறுந்தலைகளையும் பார்த்தார்.

"தூக்குங்கடா ஷட்டரை!"

வெயில் சாய்வதற்குள் கடையில் தொப்பி தீர்ந்து, குடை தீர்ந்து, தொப்பி மாட்டியிருந்த பொம்மையின் தொப்பியும் விலைபோனது. கடைக்காரர் மேயரைத் தேடிப் பிடித்தார். "காரை இனிமே இந்தப் பக்கம் விட்டீங்க, நான் தெருவுலயே படுத்துடுவேன், ஆமா!"

கமிஷனர் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். கார் இல்லாததால் அவரும் நடை. "அம்மா, நாம சொன்னது பார்க்கிங்…"

"என்ன சொன்னோம்கறதை விடுங்க. என்ன கேட்டாங்கன்னு பாருங்க" என்றார் மேயர். "உலகமே கைதட்டியாச்சு. இனிமே இல்லைன்னா ஊர் மானம் கப்பலேறிடும். தெரு மூடினது மூடினதுதான். பாக்கி நூறு மரத்துக்கு ஏற்பாடு பண்ணுங்க."

சாயங்காலம் பேச்சுவார்த்தை திரும்பக் கூடியபோது காற்புள்ளியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. விருந்தினராக வந்திருந்த பன்னிரண்டு மேயர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, எங்கள் ஊரிலும் ஒரு தெருவைக் காருக்கு மூடுகிறோம் என்று அறிவித்தார்கள். வாயாடி ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னாள். இந்தத் தடவை 'நிறுத்துகிறோம்' என்ற வார்த்தையைத் தப்பித்தவறிக்கூட நாக்கில் வைக்கவில்லை. கடைசியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அண்ணனுக்கு மேடையிலேயே பாராட்டு. அவர் தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், இருந்தது.

மண்டபம் காலியானதும் அவள் கூண்டைவிட்டு இறங்கினாள். கால் தரையில் பாவவில்லை. ஒரு தெரு, அதற்குப் பின்னால் பன்னிரண்டு தெரு, எல்லாம் தன் ஒரு வாய்த் தவறால் வந்தது என்று நினைக்க நினைக்கச் சிரிப்பு பொங்கியது. ஹெட்போன்களைச் சேகரித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்த மண்டபத்து ஊழியரைத் தவிர அங்கே யாரும் இல்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்ததால், நடந்த கூத்து முழுவதையும் அவரிடம் கொட்டிவிட்டாள்.

"நல்லவேளைண்ணே, மேயரம்மாவுக்கு மாநாட்டு மொழி ஒரு வார்த்தை தெரியாது. தெரிஞ்சிருந்தா மேடையிலேயே என் மானத்தை வாங்கியிருப்பாங்க."

அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு அவளை விசித்திரமாகப் பார்த்தார்.

"அவங்களுக்கா தெரியாது? தேர்தல்ல நிக்கிறதுக்கு முன்னாடி பத்து வருஷம் அந்தக் கூண்டுல உக்காந்து மொழிபெயர்த்ததே அவங்கதானேம்மா!"