பக்கத்து சீட்டுச் சாரதி

கார் ஓட்ட உரிமம் வேண்டும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வாயால் ஓட்ட எதுவுமே வேண்டாம். அந்தத் தைரியத்தில் உலகமெங்கும் பெருகிவிட்ட ஓர் இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன்: பக்கத்து சீட்டுச் சாரதி. பார்த்திருப்பீர்கள். ஏறி உட்கார்ந்ததும் "மெதுவா, மெதுவா" என்பார். மெதுவாகப் போனால் "பின்னால ஹாரன் அடிக்கிறான் பாரு" என்பார். எங்கோ தொலைவில் ஒரு நாய் தெரிந்தாலும் இல்லாத பிரேக்கைத் தேடி மிதிப்பார். தரைவிரிப்பில் குழி விழுந்ததுதான் மிச்சம்.

என் அத்தான் இதில் முதல் தரம். போதாக்குறைக்கு, போன வாரம் முழுக்க டிவியில் சர்வதேச கார் ராலி. காட்டிலும் மேட்டிலும் கார் பறக்க, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வழிகாட்டி "அடுத்து வலது வளைவு, அப்புறம் பள்ளம்" என்று சொல்லச் சொல்ல, ஓட்டுநர் மறுபேச்சில்லாமல் திருப்புகிறார். மறுபேச்சில்லாமல்! அத்தானுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"பாத்தியா? ஜெயிக்கிறதே பக்கத்து சீட்டுதான்," என்றார் அக்காவிடம்.

நேற்று இறுதிச் சுற்று. முதலிடத்தில் இருந்த காரின் வழிகாட்டி வலது என்பதற்கு இடது என்று சொல்லிவிட, கார் நேராக வைக்கோல் போருக்குள். பின்னால் வந்தவருக்குக் கோப்பை. இப்போதாவது அத்தான் வாயை மூடுவார் என்று எதிர்பார்த்தீர்களா? அப்பாவி நீங்கள்.

"ஓட்டுறவனுக்குக் கண்ணு எங்க போச்சு?" என்றார்.

இன்று காலை அவர் மகளுக்கு நேர்முகத் தேர்வு. ஒரு வருடம் அலைந்து கிடைத்த அழைப்பு. நேரம் தவறினால் உள்ளே விடமாட்டார்கள். அக்கா ஓட்டினாள். அத்தான் பக்கத்தில், மகளும் நானும் பின்னால். வழக்கமான சாலையில் போயிருந்தால் சாவகாசமாகப் போய்ச் சேர்ந்திருப்போம்.

"இடது! குறுக்கு வழி. அப்படியே வலது. இன்னும் வேகமா... விடாதே!"

எதிரே சுவர்! அக்கா மிதித்த மிதியில் கார் சுவரை மோப்பம் பிடித்து நின்றது.

"இவ்ளோ பெரிய சுவர் உனக்குத் தெரியலையா?" என்றார் அத்தான்.

மகள் இறங்கி முன் கதவைத் திறந்தாள்.

"அப்பா, பின்னால வாங்க. எனக்கு இந்த வேலை வேணும்பா."

மறுபேச்சில்லாமல் வந்தார். அக்கா காரைப் பின்னுக்கு எடுத்து, பழைய சாலையைப் பிடித்து, கதவு சாத்துவதற்குள் கொண்டுபோய் இறக்கிவிட்டாள். மகள் படியேறி ஓடினாள். வழியெல்லாம் உம்மென்று இருந்த மனிதரைப் பார்க்க எனக்கே பாவமாகிவிட்டது. அவள் உள்ளே போனதும் தெளிந்துவிட்டார்.

"பாத்தியா? நான் பின்னால வந்து உட்கார்ந்ததும் வண்டி எப்படிப் போச்சு!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள்: சற்று முன் அந்தச் சுவர் வந்ததே, அப்போது உங்கள் வலது கால் தரையை ஓர் அழுத்து அழுத்தியதா இல்லையா? அழுத்தியிருந்தால், அடுத்த முறை காரில் ஏறும்போது பின் கதவைத் திறங்கள்.