மச்சான் மகள் வரைந்த கல்யாணச் சேலை

செமினியில் குடும்பத்தோடு செழிப்பாக இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் கமலநாதன் அவர்களுக்கு, கிள்ளான் துணிக்கடை சின்னையா வணங்கி எழுதுவது.

இங்கே நானும் உங்கள் தங்கை லோகேஸ்வரியும் சுகம். வாட்ஸ்அப்பில் சொன்னால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுவீர்கள் என்பதால் தாளில் எழுதுகிறேன். விஷயம் உங்கள் மகள் மலர்விழி.

டிசைன் படித்துவிட்டு வந்த பிள்ளை, "மாமா, பழைய துணிப் பேட்டர்ன் இருந்தா குடுங்க, அதை வச்சு மாடர்ன் கல்யாணச் சேலை பண்ணலாம்" என்றபோது சந்தோஷப்பட்டேன். பழைய சரக்குக்கு ஒரு வழி பிறந்தால் எந்த வியாபாரிக்குக் கசக்கும்? கடையின் மேல் தட்டை அவளே ஏறிக் குடைந்தாள். பட்டு இருந்தது, சுங்குடி இருந்தது, அருமையான கட்டம் போட்ட கண்டாங்கி இருந்தது. அத்தனையையும் தள்ளிவிட்டு, மூலையில் கிடந்த ஒரு மஞ்சள் சேலையை எடுத்துக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள். சிவப்புக் கரை, கரை நெடுகச் சின்னச் சின்னக் கோபுரம். அது என்ன சேலை தெரியுமா மச்சான்? அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்துச் சனங்கள் என்னிடம் வாங்கிப் போன கோடிச் சேலை அது. எந்த வீட்டில் பொம்பளை செத்தாலும், பிறந்த வீட்டார் கொண்டுவந்து போர்த்தியது அந்தக் கரைதான். மலிவு, சாயம் போகாது. போர்த்திக்கொண்டவர் துவைக்கப் போவதில்லை என்பது வேறு விஷயம்.

"அம்மா, இது வந்து..." என்று ஆரம்பித்தேன். "மாமா, ப்ளீஸ் லா! எவ்வளவு அமைதியான டிசைன் பாருங்க!" என்றாள். அமைதிதான். அதைப் போர்த்திக்கொண்ட யாரும் இதுவரை சத்தம் போட்டதில்லை. மறுபடி வாயெடுத்தேன். "சின்னப்புள்ள ஆசையில மண்ணப் போடாதீங்க" என்று உங்கள் தங்கை அடக்கிவிட்டாள்.

அந்தக் கரையை அப்படியே வரைந்து, கல்யாணச் சேலை என்று நெய்யவைத்து என் ஷோகேஸை நிரப்பினாள். பிரிக்ஃபீல்ட்ஸில் மண்டபம் எடுத்து அறிமுக விழா. வாசலில் என் கடைப் பெயர் ஆள் உயரத்துக்கு. நாதஸ்வரம் முழங்க, நகையும் பூவுமாக ஒரு பெண் அந்தக் கரையைக் கட்டிக்கொண்டு நடந்து வந்தாளா, முன்வரிசையில் இருந்த என் பழைய வாடிக்கையாளர் இராஜம்மா அக்கா, "ஐயோ, யாருடி போயிட்டா?" என்று அலறிவிட்டார். பக்கத்திலிருந்த பொம்பளைகள் பழக்கதோஷத்தில் அவரைக் கட்டிப்பிடித்து மூக்கைச் சிந்த ஆரம்பித்தார்கள். ஒரு பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "வேன் வந்துருச்சா?" என்று விசாரித்தார். உங்கள் மகள் என் காதில் சொல்கிறாள்: "பாருங்க மாமா, எவ்வளவு எமோஷனலா கனெக்ட் ஆகுறாங்க!"

அன்று தொடங்கியது சனி. கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வருகிறவர்கள் ஷோகேஸைப் பார்த்ததும் மஸ்ஜித் இந்தியா துணிக்கடைகளுக்கு வண்டியைத் திருப்புகிறார்கள். பாசாருக்குப் போனால் மீன்காரர், "பாஸ், எங்க மாமியார் ரொம்ப சீரியஸ். உங்க கல்யாணச் சேலையில ஒன்னு எடுத்து வைங்க லா" என்கிறார். இத்தனை வருஷம் நான் சேர்த்த பெயர், மச்சான், தை மாதம் வருவதற்குள் சுடுகாடு போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே, ஞாயிற்றுக்கிழமையே ஒரு லோரியைக் கொண்டுவந்து எல்லாச் சேலையையும் ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள். இனிமேல் பழசு எதையும் தொடாமல் பூ, வண்ணத்துப்பூச்சி என்று எதையாவது வரையட்டும்.

பத்துமலை முருகன் உங்கள் வீட்டைக் குறைவில்லாமல் காக்கட்டும். நேரம் இருந்தால் என் கடைப்பக்கமும் ஒரு பார்வை பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டியவன்,
சின்னையா

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் இராஜம்மா அக்கா தன் தம்பி வாசுவைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு கடைக்குள் வந்தார். "நாளைக்கு எனக்குக் கோடி போடப்போறது இவன்தான். இவனுக்கு டேஸ்ட் கிடையாது. அதான் நானே பார்த்து எடுத்துடலாம்னு வந்தேன்" என்று கண்ணாடி முன் நின்று தோளில் போட்டுப் பார்த்தவர், "ஏன்டா, படுத்திருந்தா எடுப்பா இருக்குமா?" என்று தம்பியைக் கேட்டார். பின்னாலேயே கோயில் பஜனைக் குழுப் பெண்கள், ஆளுக்கு ஒரு அண்ணனோடோ தம்பியோடோ. ஷோகேஸ் காலி. லோரி வேண்டாம் மச்சான். வருவதாக இருந்தால் சரக்கோடு வரட்டும். கல்யாணச் சேலை என்ற பெயரை மாற்ற வேண்டாம், அந்தப் பெயருக்குத்தான் ஆசைப்படுகிறார்கள். கடைசியாக இருந்த ஒன்றை உங்கள் தங்கை தனக்கென்று எடுத்து வைத்துவிட்டாள். நூறு வயசு இருக்கட்டும். ஆனால் முறைப்படி அதை வாங்க வேண்டியவர் நீங்கள். சொந்தம் என்று தள்ளுபடி கேட்காதீர்கள். கல்யாணச் சேலை விலைதான்.