ஜெமிமாவின் வேதியர் படிப்பு

மாதா துணை
தூத்துக்குடி

பாசமுள்ள ரெக்சன் மச்சானுக்கு ஃபிராங்க்ளின் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கை பிலோமியும் மாதா புண்ணியத்தில் சுகம். அங்கே கடலும் கப்பலும் உங்கள் பேச்சைக் கேட்கட்டும். இங்கே என் பேச்சைக் கேட்கத்தான் ஆளில்லை.

உங்கள் மருமகள் ஜெமிமாவுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. தாளில் 'உயிர்வேதியியல்' என்று போட்டிருந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். எனக்குத் தெரிந்த வேதியர், கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர்தான். ஒரே மகள் உயிரையே வேதத்துக்குக் கொடுத்துக் கன்னியாஸ்திரி ஆகப்போகிறாள் என்று பதறிப்போய்ப் பங்குச் சாமியார் காலில் விழுந்தேன். அவர், "பூசைக்கே வராத பிள்ளைய நான் எங்கன மடத்துல சேப்பேன்? அது பயோகெமிஸ்ட்ரிவே" என்று தூக்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்து, "ஏளா, அதப் படிச்சா என்ன வேல கிடைக்கும்?" என்று கேட்டேன். "ஆஸ்பத்திரி லேப்ல ரத்தம், மூத்திரம் சோதிக்கலாம்ப்பா. மருந்துக் கம்பெனி இருக்கு, ஆராய்ச்சி இருக்கு, மீன் கம்பெனிலயும் எடுக்காங்க" என்றாள். மூத்திரத்திலேயே நான் முடிவு செய்துவிட்டேன். இருந்தாலும் நியாயமாக நடக்க வேண்டுமே என்று, இறால் விற்கப் போன மீன் கம்பெனியில் விசாரிக்க நினைத்தேன். அங்கே வெள்ளைக் கோட்டுப் போட்ட சாத்தான்குளத்துப் பிள்ளை ஒருத்தி, "அண்ணாச்சி, கெடாம இருக்கப் போடுத பவுடர் கூடிப்போச்சு, எடுக்க முடியாது" என்று என் லோடு முழுவதையும் திருப்பிவிட்டாள். முதலாளியே அவள் முன்னால் கைகட்டி நிற்கிறார். என்னம்மா படித்தாய் என்று கேட்டேன். அதேதான். அப்பன் இறாலைத் திருப்பி அனுப்புகிற படிப்பு நம் வீட்டுக்கு ஆகாது மச்சான்.

நாளைக் காலையில் அவளையும் கூட்டிப்போய், சீட் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். தாய்மாமன் நீங்களும் அவளிடம் கண்டிப்பாகப் பேச வேண்டும். உங்கள் கப்பலில் ஏறப்போகிற கிருபையிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பனிமய மாதா உங்களைப் பத்திரமாகக் கரைசேர்க்கட்டும்.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத
ஃபிராங்க்ளின்

பின்குறிப்பு: கல்லூரி வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், தன் மகளோடு பின்னால் நின்ற ஏரல் ஊர்க்காரர், "இதப் படிச்சு என்ன பிரயோசனம் அண்ணாச்சி?" என்று சிரித்தார். என் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விட்டுக்கொடுக்க முடியுமா? ஆஸ்பத்திரி, மருந்து, ஆராய்ச்சி என்று தொடங்கி, முதலாளி கைகட்டி நிற்பது வரை எடுத்துச் சொன்னேன். மனிதர் அசந்துபோய், நான் விட்ட சீட்டிலேயே தன் மகளைச் சேர்த்துவிட்டார். அதுதான் கடைசி சீட்டாம். ஜெமிமா கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் எனக்கு டீ வாங்கி வந்தாள். அந்த டீயை அப்படியே வைத்துவிட்டு இதை எழுதுகிறேன் மச்சான். நீங்கள் கண்டிப்பாகப் பேச வேண்டியது அவளிடம் இல்லை, பிரின்சிபாலிடம். இன்னொரு சீட் தராமல் நான் இங்கிருந்து எழுந்திருக்கப் போவதில்லை.