பரணிக்கு எத்தனை மார்க்?

"அந்த ஃபாரத்தைக் குடும்மா. ஒரு திருத்தம் கீது."

தினகரன் மேஜையில் தட்டிய தட்டில் ஹெச்.ஆர். அஞ்சலியின் பேனா உருண்டு கீழே விழுந்தது.

மறைமலை நகரில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி அது. ஒரே ஒரு சூப்பர்வைசர் பதவி காலி. போட்டியில் இரண்டே பேர், தினகரனும் பரணியும். பன்னிரண்டு வருஷ சிநேகிதம். இவர்கள் ஒருவருக்கொருவர் மார்க் போட வேண்டுமாம். எந்தப் புண்ணியவானின் யோசனையோ! "எனக்கு நீ பத்து, உனக்கு நான் பத்து" என்று இருவரும் பேசிவைத்தார்கள். சொன்னபடி தினகரன் நேற்றே போட்டுக் கொடுத்துவிட்டான்.

இன்று பார்த்தால் கேன்டீனில் மேனேஜர் ஜெயவேலுவோடு உட்கார்ந்து பரணி வடை தின்கிறான். அவர் அவன் முதுகில் தட்டிச் சிரிக்கிறார். தினகரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவன் லீவு போட்டாலும் டபுள் ஷிப்ட் பார்ப்பது யார்? மிஷின் நின்றால் ஓடுவது யார்? வேலை எனக்கு, வடை அவனுக்கா?

பத்தை அடித்து ஐந்தாக்கினான்.

அன்று சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில், மேனேஜரின் பைக்கிலிருந்து பரணி இறங்கினான்.

"மச்சான், சார் டிராப் பண்ணாரு!"

"இன்னாத்துக்கு இங்க வுட்டாரு? வூட்டுக்கே இட்டுகினு போயி தாலாட்டுப் பாட வேண்டியதுதானே?"

"இன்னாடா ஆச்சு உனக்கு?"

தினகரன் விடுவிடுவென்று நடையைக் கட்டினான். ராத்திரி சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை அஞ்சலி பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. தினகரன் எதிரே நின்றான்.

"மறுபடியுமா சார்?"

"குடும்மான்னா!"

ஐந்தை அடித்துச் சைபர் போட்டான். அப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. பேனா காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி அழுத்தி எழுதினான்: 'யாருக்கும் உதவ மாட்டான். நண்பன் என்றுகூடப் பார்க்க மாட்டான்.'

வெள்ளிக்கிழமை நோட்டீஸ் போர்டில் பரணியின் பெயர் தொங்கியது. தினகரன் ஹெச்.ஆர். அறைக்குள் பாய்ந்தான்.

"எனக்கு அந்தத் துரோகி எத்தினி போட்டான்? சைபர்தானே?"

அஞ்சலி இரக்கத்தோடு அவனைப் பார்த்தாள்.

"பத்துக்குப் பத்து சார். 'தினகரன் இல்லாம லைன் ஒரு நாள்கூட ஓடாது'ன்னு எழுதியிருந்தாரு, அதனால உங்களை அங்கேர்ந்து எடுக்கவே கூடாதுன்னுட்டாரு மேனேஜர். அப்புறம் நீங்க எழுதினதைப் படிச்சிட்டு, 'நண்பன்னுகூடப் பார்க்க மாட்டானா, அப்போ இவன்தான்யா சூப்பர்வைசர்'னு உடனே கையெழுத்துப் போட்டாரு!"