போயா நாளில் வெடித்த மோட்டர்

விதிமுறைகளை எழுதுகிறவர்கள் அவற்றைப் படிப்பதில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் பொறுப்பாளராக இருந்தபோது, "மோட்டரைப் போடுமுன் வோல்ட் மீட்டரைப் பார்" என்று மூன்று மொழிகளில் பலகை எழுதி மாட்டியவன் நான். (கையெழுத்து அவ்வளவு அழகு!)

ஓய்வுபெற்றதும் புளத்கொகுபிட்டிய பக்கம் வீடு கட்டினேன். அருகிலேயே ஒரு தொழிற்சாலை. அது ஓடும்போதெல்லாம் எங்கள் பல்பு அழுது வடியும். ஓடையிலிருந்து தண்ணீர் இறைக்கும் மோட்டர் முனகும். ஆகவே வோல்டேஜைக் கூட்டும் பெட்டியொன்றை வாங்கி, அதன் திருகியை உச்சத்தில் வைத்தேன். அப்படியே விட்டுவிட்டேன்.

மகள் தேவியைப் பெண் பார்க்க நிவித்திகலவிலிருந்து வந்தார்கள். பௌர்ணமிப் போயா தினம், நாட்டில் எல்லோருக்கும் லீவு. தொழிற்சாலைக்கும் லீவு என்பது மட்டும் என் புத்தியில் ஏறவில்லை. டேங்கை நிரப்ப மோட்டரைப் போட்டேன். கம்பியில் கரண்ட் முழுசாக வந்தது. பெட்டி அதற்கு மேலும் கூட்டிக் கொடுத்தது. பெட்டியிலிருந்த வோல்ட் மீட்டரின் முள் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. இரண்டு தட்டு தட்டி, மீட்டர் பழுது என்று தீர்ப்பளித்தேன்.

"என்னங்க, மோட்டர் சத்தம் ஒரு மாதிரியா இருக்கே?" என்றாள் மனைவி கமலா.

"நல்லா இழுக்குது. நீ போய் வடையப் பாரு."

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு விளக்கவுரை ஆற்றத் தொடங்கினேன். "அளவுக்கு மேல வோல்டேஜ் குடுத்தா தண்ணி கூடுதலா வராதுங்க, சம்பந்தி." (சம்பந்தம் இன்னும் ஆகவில்லை; நானாகக் கூப்பிட்டேன்.) "மோட்டருக்குள்ள காயில் கம்பிதான் சூடாகும், அப்புறம் கருகி..."

டமால்! சன்னல் வழியே புகை.

"இந்த மாதிரியாங்க?" என்றார் அவர்.

டேங்கில் ஏறியிருந்த கொஞ்சத் தண்ணீரும் காலி. கழிப்பறைக்குள்ளிருந்து மாப்பிள்ளையின் அம்மா குரல் கொடுத்தார்: "யாராச்சும் இருக்கீங்களா? பைப்புல தண்ணி நின்னுபோச்சு!"

கூடத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மகளின் கல்யாணத்தையும் சேர்த்தே எரித்துவிட்டேன் என்று நினைத்தேன். மாப்பிள்ளை பிரபு மட்டும் புதுக் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, வாளியோடு ஓடைக்கு இறங்கினார். திரும்பியபோது முழங்கால்வரை சேறு, கணுக்காலில் அட்டை. யாரும் சொல்லாமலே உப்பு டப்பாவோடு ஓடினாள் தேவி.

ஒருவழியாக வெளியே வந்த மாப்பிள்ளையின் அம்மா இருவரையும் பார்த்தார். "வீட்டுல ஒரு டம்ளர் தூக்க மாட்டான். இங்க வாளியே தூக்குறான். பேசி முடிச்சிருங்க."

முடித்தோம். கழற்றிப் போட்ட பெட்டியின் மேல் இப்போது குரோட்டன் செடித் தொட்டி. ஆனாலும் போயாவுக்குப் போயா மருமகன் போன் பண்ணுவார்: "மாமா, திருகிய எறக்கிட்டீங்களா?"

என் பழைய பலகையை நான் வேலை பார்த்த தேயிலைத் தொழிற்சாலையில் கேட்டு வாங்கி, எங்கள் கழிப்பறைக் கதவில் மாட்டியவரும் அவர்தான். மூன்று மொழிகளிலும் படித்துவிட்டுத்தான் தினமும் உள்ளே போகிறேன்.